வாரா நோய்க்கு மருந்து

மருந்து என்பது நோயுற்றவர் உண்பது என்பதே உலக வழக்கு. நோவு வந்தால் மருந்தைத் தேடுகிறோம்; நோவு தீர்ந்ததும் மருந்துப் போத்தல் அலுமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது. இவ்வழக்குக்கு மாறாக, நோவில்லாத நாளிலும் மருந்தை உட்கொள்ளுங்கள், ஒரு தும்மலேனும் இல்லாத உடம்பில் ஊசியை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருவரிடம் கூறும்பொழுது நாம் மருத்துவம் மாத்திரம் பேசவில்லை. இன்னும் வாராத ஒன்றின் பொருட்டு இன்று ஒரு சிறு தொல்லையை ஏற்கும்படி அவரைக் கேட்கிறோம். அத்தொல்லையின் பயன் அவருக்கே கிட்டுமாயின் அது விவேகம் பற்றிய வினா. பயன் பிறிதொருவருக்கு, அதுவும் அவர் என்றுமே காணப்போகாத ஒருவருக்குக் கிட்டுமாயின் அது கடமை பற்றிய வினா. தொய்வு நோயும் இன்புளுவென்சாத் தடுப்பூசியும் இவ்விரு வினாக்களையும் ஒரே முடிச்சில் கட்டி நம்முன் வைக்கின்றன.

நூல்கள் ஆஸ்துமா எனக் கூறும் நோயை நாம் தொய்வு என்போம்; ஊர்ப்புறத்தில் முட்டு என்றும் வழங்குவர். அந்நோயை நான் நூல்களில் அறியுமுன் ஓர் அறைத்தோழரிடம் கண்டேன். 1981ஆம் ஆண்டு மார்கழி மாதம். பேராதனையில் பரீட்சைக் காலம். மாலை நான்கு மணிக்கே ஹந்தானை மலையிலிருந்து மூடுபனி இறங்கிவிடும். எனக்குக் கடுமையான காய்ச்சலும் இருமலும் கண்டு மூன்று நாள்கள் படுக்கையில் கிடந்தேன். நோயாளர் அறைக்குச் செல்லும்படி சிலர் கூறினர். குறிப்புகள் அனைத்தும் எங்கள் அறையில் இருந்தமையாலும், தனித்துக் கிடக்க மனமில்லாமையாலும் நான் போகவில்லை. அறைத்தோழரே எனக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்தார். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று அவருக்குத் தடிமன் பிடித்தது. அடுத்த நாள் நள்ளிரவில் விழித்தபோது அவர் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, தோள்கள் காதுகளைத் தொடுமளவுக்கு உயர்ந்து தாழ, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். "யன்னலைத் திற மச்சான்" என்ற மூன்று சொற்களைக் கூற அவருக்கு மூன்று மூச்சுகள் தேவைப்பட்டன. நான் திறந்தேன். பனி உள்ளே வந்தது. அவ்வேளையில் அவருக்கு வேண்டாத பொருள் உலகில் ஒன்று இருந்ததெனில் அது அந்தக் குளிர்காற்றே என்பதை நான் அறிந்திலேன்.

வைத்தியசாலையில் அவர் பிழைத்தார். இரண்டு வினாத்தாள்களை எழுதவில்லை. அதனால் ஓராண்டு பின்தங்கினார். இரவு வண்டியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த அவருடைய தாயார் மகனின் தலையைத் தடவியபடியே கடிந்துகொண்டார்: "பனிக்குள்ளை தோய்ஞ்சிருப்பாய், வாழைப்பழம் திண்டிருப்பாய், சொன்னாக் கேட்டாத்தானே!" பின்னர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீர் பக்கத்திலை இருந்தபடியாத்தான் பிள்ளை தப்பினவன்" என்று கண் கலங்கினார்.

பழியும் நன்றியும் இடம் மாறி நின்ற அக்காட்சியை நான் மறக்கவில்லை. நோயைப் பெரும்பாலும் கொடுத்தவன் நான். எனக்கு நன்றி கிடைத்தது. நோயை வாங்கியவர் அவர். அவருக்குப் பழி கிடைத்தது. "பெரும்பாலும்" என்ற சொல்லை எண்ணியே எழுதுகிறேன். என் காய்ச்சலே அவரைப் பற்றியது என்பதற்கு அன்றும் சான்றில்லை, இன்றும் இல்லை. ஆயினும் தாயாரின் கணிப்பிலே தோய்தலும் வாழைப்பழமும் இடம்பெற்றன. இருமிக்கொண்டு அடுத்த கட்டிலில் கிடந்தவன் இடம்பெறவில்லை. அவர் அறியாமையால் அவ்வாறு கூறினார் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. நம் சிந்தனை மரபே நோயை நோயாளரின் நடத்தையோடு பிணைத்துப் பார்த்து வந்துள்ளது. திருக்குறளின் மருந்து அதிகாரம் உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கும் இடத்திலும் நோயாளர், வைத்தியர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என நால்வகையையே காண்கிறோம். அயலார் அங்கு இல்லை. நோய் ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்கு மூச்சின் வழியே செல்லும் என்ற அறிவு திரளாத காலத்து நூலில் அவரை எதிர்பார்ப்பது நியாயமுமன்று. அவ்வறிவு திரண்ட பின்னரும் நம் அறவுணர்ச்சி பழைய நான்கு கூறுகளுக்குள்ளேயே நின்றுவிட்டது என்பதே என் குறை.

நோயின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தொய்வு நோயாளரின் மூச்சுக்குழல்களின் உட்புறம், இரைப்பு இல்லாத நாள்களிலும் அழற்சியுற்றே இருக்கும். தூண்டுதல் ஒன்று நேரும்போது குழல்களைச் சூழ்ந்த தசைகள் இறுகுகின்றன, உட்சவ்வு வீங்குகிறது, சளி அடைக்கிறது. உள்ளிழுப்பதிலும் வெளிவிடுவதே கடினமாகிறது. குளிர்ந்த உலர்காற்றை மூக்கு சூடாக்கி ஈரமாக்கியே உள்ளே அனுப்பும். விரைந்து வாயால் மூச்சு விடுகையில் அவ்வேலை நடைபெறாமல் குழல்களின் உட்சவ்வே தன் ஈரத்தையும் சூட்டையும் இழந்து எரிச்சலுறுகிறது. குளிர் நாள்களில் கழுத்துத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிச் செல்லும்படி வைத்தியர்கள் கூறுவதன் காரணம் இதுவே. ஆனால், குளிர்மாதங்களின் முதன்மைக் குற்றவாளி குளிரன்று. 1995ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சௌதாம்ரன் பகுதியில் ஒன்பது முதல் பதினொரு வயது வரையான சிறுவரிடையே செய்யப்பட்டு வெளியான ஆய்வு, அவர்களுக்கு ஏற்பட்ட தொய்வுத் தாக்கங்களில் நூற்றுக்கு 80 முதல் 85 வரையானவற்றோடு வைரசுத் தொற்று சேர்ந்திருந்தமையைக் காட்டிற்று. அவற்றுட் பெரும்பாலானவை சாதாரணத் தடிமனை உண்டாக்கும் வைரசுகள். குளிருக்கு அஞ்சி யன்னல்களைச் சாத்திக்கொண்டு ஓரறைக்குள் பலர் மூச்சுவிடும் காலமே குளிர்காலம். பனிப்பொழிவைக் காணாத நம் நாட்டிலும் இது பொருந்தும்: இன்புளுவென்சா இங்கு ஆண்டுக்கு இருமுறை, ஏப்பிரல் முதல் யூன் வரையும் நவம்பர் முதல் ஜனவரி வரையும், தலைதூக்குகிறது. இரண்டாம் எழுச்சி வடகீழ்ப் பருவமழையோடும் மலைநாட்டின் குளிரோடும் ஒன்றுசேர்கிறது. தோட்டத்து லயன் அறையிலே விறகுப்புகையும் இதனோடு கூடிவிடும்.

இனி முதலாவது வினா: தன் பொருட்டுத் தான் செய்ய வேண்டியது. தொய்வுக்கு இன்ஹேலர் மருந்துகள் இருவகையின. ஒன்று, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் சல்பியூற்றமோல். 1969இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீல நிறக் குழாய் என்றே பலர் அறிவர். மற்றையது, அழற்சியை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணிக்கும் ஸ்ரெரொயிட் வகை. 1972இல் வந்த பெக்லோமெதசோன் அவற்றின் முன்னோடி. வழக்கில் பழுப்பு நிறக் குழாய். முன்னையது உயிரைக் காத்தது என்பதை நோயாளர் தம் மார்பிலேயே உணர்வார். பின்னையதைக் காலையும் மாலையும் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போது அவர் உணர்வது யாதுமில்லை. உணரப்படும் உதவிக்கு நன்றியும், உணரப்படாத உதவிக்கு மறதியும் மனித இயல்பு. ஆதலின் நீலக் குழாய் சட்டைப்பையில் இருக்கிறது. பழுப்புக் குழாய் வீட்டில் தூசி படிகிறது.

இது வெறும் சோம்பல் என்று சிலர் கூறுவர். அரிஸ்ரோட்டில் இதனை ஆழமான புதிராகக் கண்டார்: நல்லதெனத் தெரிந்தும் ஒருவர் அதனைச் செய்யாமை எவ்வாறு? இக்காலத்தில் டெரிக் பார்பிற் என்ற ஆங்கில மெய்யியலாளர், 1984இல் வெளியிட்ட நூலில், வருங்காலத்து நான் இன்றைய எனக்கு எவ்வளவு தூரம் "நான்" என்ற வினாவை எழுப்பினார். இளமையிலே புகைக்கத் தொடங்கும் சிறுவன் தன் முதுமைக்கு இழைக்கும் தீங்கு, பிறனொருவனுக்கு இழைக்கும் தீங்கை ஒத்தது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. பழுப்புக் குழாயை மறக்கும் நோயாளருக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஒக்டோபரில் நலமாக இருப்பவர், டிசம்பரில் கட்டில் விளிம்பில் அமர்ந்து மூச்சுக்குத் தவிக்கப்போகும் ஒருவரின் பொறுப்பாளராக இருக்கிறார். அவ்விருவருக்கும் பெயர் ஒன்று. எனினும் முன்னவர் பின்னவரை ஓர் அந்நியரைப் போலவே நடத்துகிறார்.

இதன் விலை சிறிதன்று. பிரித்தானியாவில் தொய்வினால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான தேசிய அறிக்கை, 195 மரணங்களைத் தனித்தனியே ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்கு 45 பேர் மருத்துவ உதவி நாடாமலோ, அவசர சிகிச்சை கிட்டுமுன்னரோ இறந்தனர். நீலக் குழாயின் கணக்கு தெரிந்தவர்களுள் நூற்றுக்கு 39 பேர் இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நீலக் குழாய்களைப் பெற்றிருந்தனர். மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல் தீர்க்கிறார் எனில் அவருடைய தீ அணையவில்லை, புகையை மட்டுமே விசிறி விரட்டுகிறார் என்பது பொருள். 2019ஆம் ஆண்டில் தொய்வு பற்றிய உலகளாவிய வழிகாட்டிக் குறிப்பு நீலக் குழாயை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்தலைக் கைவிடும்படி கூறியது. ஐம்பதாண்டுக் காலப் பழக்கம் ஒன்று அவ்வாறு திருத்தப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். தன் நலம் பேணல் கடமையென்று கூறிவிட்டு, பேணாதவர் மீது குற்றம் சுமத்தும் அவசரம் எம்மில் பலருக்கு உண்டு. கடமையைக் கூறுபவர் அதனைச் செய்யத்தக்க சூழலையும் கூறுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே நம் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது, மருந்தைத் தவறவிட்ட நோயாளரிடம் ஒழுக்கம் போதிப்பது இழிவாக இருந்திருக்கும். மேலும் ஒன்று: நம் சமூகத்தில் தொய்வு மறைக்கப்படும் நோய். பெண்பிள்ளையாயின் கலியாணம் பேசுமிடத்தில் அதனைச் சொல்லமாட்டார்கள்; புகுந்த வீட்டிலே அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டே குழாயை இழுக்க வேண்டியிருக்கும். பேருந்தில் மூச்சு முட்டும்போது பலர் முன் மருந்தை எடுக்க நாணி இறங்கும் இடம்வரை பொறுத்திருந்த மாணவியை நான் அறிவேன். அவளைப் பார்த்து "உன் கடமையை மறந்தாய்" என்று கூறுபவர், அவளை நாணச் செய்த கண்களுள் தம் கண்களும் உள்ளனவா என்று முதலிற் பார்த்துக்கொள்வது நன்று.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். இன்புளுவென்சா வைரசு 1933இல் இலண்டனில் மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது. தடுப்பூசி 1945இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்டது. இவ்வைரசு ஆண்டுதோறும் வேடம் மாற்றுவது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் தனித்தனியாக, எவ்வகைகளை ஊசியிற் சேர்ப்பதெனப் பரிந்துரைக்கிறது. ஊசி ஏற்றி ஏறக்குறைய இரு வாரங்களில் காப்பு உண்டாகும். தேர்ந்த வகைகள் பரவும் வகைகளோடு நன்கு பொருந்திய ஆண்டுகளிலும், வைத்தியரை நாடவேண்டிய அளவு நோயை அது நூற்றுக்கு 40 முதல் 60 வரையே குறைக்கிறது. சாதாரணத் தடிமனைத் தடுப்பதேயில்லை. 2013இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, இவ்வூசி தொய்வுத் தாக்கங்களை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு உறுதியான விடையில்லை என்றே கூறியது. செயலிழந்த வைரசினாலான ஊசி தொய்வைக் கிளறுவதில்லை என்பதற்கு மட்டும் அதில் நல்ல சான்று இருந்தது.

இக்குறைகளை மறைத்து ஊசியைப் புகழ்வோர் அதற்குத் தீங்கே செய்கின்றனர். ஆனால் மறுபக்கத்தையும் நோக்குக. 2009ஆம் ஆண்டின் புதிய இன்புளுவென்சாவினால் பிரித்தானிய வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டு ஆராயப்பட்டோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தொய்வு நோயாளர். அவர்களுள்ளும், முன்னரே பழுப்புக் குழாய் மருந்தைப் பாவித்து வந்தவர்களும் காலந்தாழ்த்தாமல் வைத்தியசாலைக்கு வந்தவர்களும் கடுமையான விளைவுகளிலிருந்து ஒப்பளவில் தப்பினர். தொய்வு நோயாளர் குளிர்மாதங்களுக்கு முன் ஊசி ஏற்றிக்கொள்வதற்கு இவை போதிய காரணங்கள். (மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்புமருந்து வேறு, இரைப்புள்ளவர்களும் கடுந்தொய்வுள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதனை நாடலாகாது.) அவருக்கு இது விவேகத்தின் பாற்படும். அவருடைய அறைத்தோழருக்கு?

1797ஆம் ஆண்டில் இம்மானுவேல் கான்ற் தம் ஒழுக்கவியல் நூலிலே அம்மை குத்திக்கொள்ளல் அனுமதிக்கத்தக்கதா என்ற வினாவை எழுப்பி, விடை கூறாமலே விட்டார். அவர் அதனை எழுப்பிய இடம் கவனிக்கத்தக்கது: தன்னைத் தான் மாய்த்துக்கொள்ளல் பற்றிய பகுதி. குத்திக்கொள்பவர் தம் உயிரை ஆபத்துக்குள்ளாக்குகிறாரா என்பதே அவர் கவலை. அக்காலத்து முறையில் குத்திக்கொண்டவரிடமிருந்து அயலாருக்கு அம்மை பரவவும் கூடும், குத்திக்கொள்ளாதவரிடமிருந்தும் பரவும். ஆயினும் கடமையைப் பற்றி அத்துணை நுணுகி எண்ணிய அம்மனிதரின் பக்கத்திலும் அயலார் இல்லை. வைத்தியசாலைக் கட்டிலருகே நின்ற யாழ்ப்பாணத்துத் தாயாருக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

ஜோன் ஸ்ரூவட் மில் 1859இல் வகுத்த எல்லை யாவரும் அறிந்தது: பிறருக்குத் தீங்கு விளையாதவரை ஒருவரின் செயலில் சமூகம் கட்டாயப்படுத்தித் தலையிடலாகாது. உடம்பு என்னுடையது, ஊசியும் என் தோளுக்கு உரியது, ஆகவே இது என் சொந்த விடயம் என்று இதனைக் கொண்டு வாதிப்போர் உளர். தோள் என்னுடையதாக இருக்கலாம். நான் வெளிவிட்ட மூச்சு என்னுடையதாக எவ்வளவு நேரம் இருக்கிறது? எட்டடி அகல அறையிலே அடுத்த கட்டிலுக்குப் போய்ச்சேரும் நேரந்தான். தனக்கே உரிய செயல், பிறரைத் தொடும் செயல் என்ற மில்லின் பிரிவு மூச்சைப் பொறுத்தவரை கோடு கிழிக்க இடமின்றிப் போகிறது.

சிக்கல் இதற்கு அப்பால் உள்ளது. என் அறைத்தோழரை நான் அறிவேன். அதனாலேயே என் நெஞ்சு உறுத்தியது. அதே மூன்று நாள்களுக்கு முன், காய்ச்சல் தொடங்கிய மாலையில், கண்டியிலிருந்து நெரிசலான பேருந்தில் இருமிக்கொண்டே வந்தேன். அப்பேருந்தில் தொய்வுள்ள ஒருவர், கைக்குழந்தையுடன் ஒரு தாய், முதியவர் ஒருவர் இருந்திருக்கக்கூடும். அவர்களுள் எவருக்கேனும் என்ன நேர்ந்ததென நான் ஒருநாளும் வருந்தியதில்லை. தீங்கு அதே தீங்கு. முகம் மட்டும் இல்லை. நம் அறவுணர்ச்சி முகம் பார்த்தே எழுகிறது. தடுப்பூசியோ முகமில்லாத இடத்தில் வேலை செய்கிறது.

ஜெப்ரி றோஸ் என்ற ஆங்கில மருத்துவ அறிஞர் இதயநோய்த் தடுப்பைப் பற்றி 1981இல் எழுதியபோது ஒரு முரணைச் சுட்டினார்: சமூகம் முழுமைக்கும் பெருநன்மை தரும் தடுப்புமுறை, அதில் பங்குகொள்ளும் தனியொருவருக்குத் தருவது மிகச் சிறிது. இம்முரணுக்கு யப்பானைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். அந்நாட்டில் 1962 முதல் பாடசாலைச் சிறுவருக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. 1977இல் அது சட்டத்தால் கட்டாயமாயிற்று. 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என விதி தளர்ந்தது. 1994இல் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் மரணக் கணக்குகளை ஆராய்ந்து 2001இல் அறிஞர் சிலர் வெளியிட்ட கட்டுரை வியப்புக்குரியது. ஊசி சிறுவருக்கு, உயிர் தப்பியவர்களோ பெரும்பாலும் முதியோர். ஏறத்தாழ 420 சிறுவருக்கு ஊசி ஏற்றியதனால் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது என்பது அவர்களின் மதிப்பீடு. அம்மதிப்பீட்டின் பருமன் குறித்துப் பின்னர் ஐயங்களும் எழுந்தன. போக்கு பற்றிய வாதத்துக்கு அது நமக்குப் போதும்.

இதில் அறத்துக்கு இடறல் உண்டு. முதியோரைக் காக்கச் சிறுவரின் தோளைப் பயன்படுத்தல் அவர்களை வெறுங் கருவியாக்குதல் ஆகாதா? கான்ற் எதிர்த்திருப்பார் எனலாம். ஆனால் அவர் விலக்கியது ஒருவரை வெறுங் கருவியாக மட்டுமே கொள்ளலை. காய்ச்சலில் கிடந்து பாடசாலை நாள்களை இழக்காமை அச்சிறுவருக்கும் நன்மையே. இடறல் வேறிடத்தில் உள்ளது என்று நினைக்கிறேன். 420 வீடுகளுள்ள ஒரு கிராமத்தை எண்ணிக்கொள்வோம். அங்கே எல்லோரும் அறிந்த முதியவர் ஒருவர். வீட்டுக்கொருவர் ஓர் ஊசிக்குத்தை ஏற்றால் அவர் இவ்வாண்டு பிழைப்பார், ஏற்காவிடில் இறப்பார் என்று சொல்லப்படுகிறது. மறுப்பவர் எவரையும் அக்கிராமம் மன்னியாது. இனி, அம்முதியவரின் பெயரை மட்டும் மறைத்துவிடுவோம்; கிராமத்தில் யாரோ ஒருவர் என்போம். உடனே பாதிப் பேர் வாரார். மாறியது எது? ஊசியின் வலியன்று, ஓர் உயிரின் மதிப்புமன்று, நம் அறிவில் ஒரு பெயர் இல்லாமற் போனது. ஒருவரின் பெயரை நாம் அறியாமை அவர்பாலுள்ள கடமையைக் குறைக்கும் என்று யாரும் நேருக்கு நேர் கூறத் துணியார். ஆனால் ஆண்டுதோறும் அவ்வாறே நடந்துகொள்கிறோம்.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக் கழிக்க முடியாது. ஊசியும் முற்றிலும் தீங்கற்றதன்று. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் வருமென அஞ்சி நாலு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி ஏற்றினர். அஞ்சிய கொள்ளைநோய் வரவில்லை. கியான்–பாரே எனும் நரம்புநோய் இலட்சத்துக்கு ஒருவர் அளவில் மிகுந்தது. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. இன்றைய ஊசிகளில் அவ்வபாயம் பத்து இலட்சத்துக்கு ஒன்றிரண்டு எனவே கணிக்கப்படுகிறது. பெரும்பாலோருக்குத் தோள் நோவோடு முடிந்துவிடும். இருப்பினும் அந்த ஒருவரும் முகமில்லாதவரே. பேருந்தில் இருந்த முகமற்றவருக்காகப் பேசும் நான், ஊசியால் துன்புற்ற முகமற்றவரை மறந்தால் என் வாதமே பொய்யாகும். ஆகவே இரு பக்கத்து முகமற்றவர்களையும் எண்ணித்தான் நிறுத்திப் பார்க்க வேண்டியுள்ளது. நிறுத்துப் பார்க்குமிடத்து, ஊசி ஏற்றிக்கொள்வது கடமையே; ஆனால் சிறிய கடமை என்பது என் துணிபு. பேருந்தில் முதியவருக்கு இருக்கையை விட்டுக்கொடுப்பதைப் போன்றது அது: செய்யாதவரைச் சிறையிடுவதில்லை, செய்யாமைக்கு நியாயம் கற்பிப்பவரை நாம் மதிப்பதுமில்லை.

கடமை என்பதனால் கட்டாயம் என்பது பெறப்படாது. 1905இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்த ஒருவருக்கு விதிக்கப்பட்ட 5 டொலர் தண்டத்தைச் செல்லுமெனத் தீர்த்தது. பெரியம்மையின் கொடுமையும் அதன் ஊசியின் உறுதியும் வேறு. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய, பாதியளவே காக்கும் இவ்வூசிக்கு அத்தீர்ப்பை நீட்டுதல் எனக்கு உடன்பாடன்று. ஆனால் கடமையின் பாரம் எல்லோருக்கும் ஒத்ததுமன்று. நோயாளரைத் தொட்டுப் பணிசெய்யும் தாதியருக்கும் வைத்தியருக்கும் அது கூடியது. தொய்வுள்ள பிள்ளையோ முதியவரோ இருக்கும் வீட்டாருக்கும் அவ்வாறே. காய்ச்சலோடு விரிவுரைக்கு வந்து இருமுவதை ஊக்கத்தின் அடையாளமாகப் பாராட்டும் நம் பல்கலைக்கழகப் பண்பாடும் இங்கே விசாரிக்கப்பட வேண்டியது. வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சைக்குத் தடை என்னும் விதி, நோயுற்ற மாணவரை வகுப்பறைக்கு இழுத்து வருகிறது. அவ்விதியை வகுத்தோர் அடுத்த இருக்கையில் அமரும் தொய்வு நோயாளரை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஊசியின் விலையையும் கூறவேண்டும். நம் நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணை பெருமைக்குரியது. ஆனால் இன்புளுவென்சா அதில் இல்லை. தனியார் வைத்தியசாலையில் பணம் கொடுத்தே ஏற்றிக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட்கூலியோடு அதனை ஒப்பிட்டால், கடமை என்று நான் கூறியது முதலில் என்னைப் போன்று மாதச் சம்பளம் பெறுவோரையும், அடுத்து அரசையும் நோக்கியே என்பது விளங்கும்.

சென்ற ஒக்டோபர் மாதம், மழை தொடங்குமுன், நான் ஊசி ஏற்றிக்கொள்ளச் சென்றேன். படிவத்தை நிரப்பிய இளந்தாதி, "ஐயாவுக்குத் தொய்வு, நீரிழிவு, வேற ஏதாவது வருத்தம் இருக்கோ?" என்று வினவினார். ஒன்றுமில்லை என்றேன். "அப்ப ஏன் போடுறீங்கள்?" என்று அவர் கேட்டதில் ஏளனம் இல்லை, உண்மையான வியப்பே இருந்தது. வரிசையில் ஆட்கள் நின்றமையால், மனைவிக்கு வயதாகிவிட்டது என்று ஏதோ கூறி வந்துவிட்டேன்.

அன்றிரவு என் பழைய அறைத்தோழரோடு தொலைபேசியிற் பேசினேன். அவர் ரொறன்ரோவில் வசிக்கிறார். அவர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2000ஆம் ஆண்டு முதல் இவ்வூசி யாவருக்கும் இலவசம். 1981இல் நடந்ததைப் பற்றி இக்கட்டுரையில் எழுதப்போவதாகவும், நாற்பதாண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சில் கிடந்ததை இப்போதேனும் அவரிடம் சொல்ல விரும்புவதாகவும் கூறினேன். அவர் நெடுநேரம் சிரித்தார். அந்தத் தடிமன் என்னிடமிருந்து வந்ததல்ல, சாப்பாட்டு மண்டப வரிசையில் நின்ற வேறொருவரிடமிருந்து வந்தது என்றே தாம் இவ்வளவு காலமும் எண்ணியிருந்ததாகச் சொன்னார். இருக்கலாம். அங்கே குளிர் எப்படி, இந்த ஆண்டு ஊசி ஏற்றியாயிற்றா என்று கேட்டேன்.

"இன்னும் போடேல்லை மச்சான்," என்றார். "இப்ப நல்லாத்தான் இருக்கிறன்."